ஆசிரியரின்றிக் கிதார் கற்ற வரலாறு

உத்தியோக நிமித்தம் ஊர் விட்டு ஊர் மாறி வாழும் நம்மவர் இல்லங்களில் முதலில் கைநழுவிப் போகும் வித்தை சங்கீதமே ஆகும். இட்லிப் பானை கூடவே வந்துவிடுகிறது. ஆடிப்பெருக்கும் பொங்கலும் நாட்காட்டியைப் பார்த்தாவது வந்துவிடுகின்றன. பாட்டு வாத்தியார் மட்டும் வருவதில்லை. குழந்தை சரளி வரிசையை முடித்து ஜண்டை வரிசையில் காலெடுத்து வைக்கும் தறுவாயில் மாற்றல் உத்தரவு வந்து சேரும். புதிய ஊரில் ஜாகை கிடைத்து, பள்ளிக்கூடம் கிடைத்து, இறுதியில் ஓர் ஆசிரியரும் கிடைத்தால், அவர் தம் பாடாந்தரம் வேறு என்று கூறி மீண்டும் முதலிலிருந்தே தொடங்குவார். போபாலிலும் புவனேசுவரத்திலும் வாழும் நேயர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்குறைக்கு இந்நாளில் ஒரு மாற்று ஏற்பட்டிருக்கிறது. கைப்பேசியை எதிரே சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் தோன்றும் முகமறியா ஆசிரியர் விரலை வைக்கும் இடத்தில் தம் விரலையும் வைத்து, இணையத்தின் துணையால் கிதார் கற்பவர் இன்று எங்கும் உளர். அடியேனும் அவர்களுள் ஒருவன். தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகக் காலங்கழிக்கும் எனக்கு, நாற்பத்து மூன்றாம் வயதில் இந்த ஆசை பிறந்தது. 1982 ஆம் ஆண்டு வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' என்னும் படத்தில் இளையராஜா அமைத்த 'இளைய நிலா' பாட்டின் முகப்பிலே வருகிற கிதார் ஒலியைக் கேட்டு வளர்ந்தவன் வேறெதற்கு ஆசைப்படுவான்? மின்கருவி எதுவும் வேண்டாத மரக் கிதார் ஒன்றை வாங்கி வந்தேன். அலுவலகத்தில் மூத்த நண்பர் ஒருவர் செய்தி கேட்டுச் சிரித்து, "குருவில்லா வித்தை கருவில்லா முட்டை அல்லவா?" என்றார். விடை சொல்ல இயலாமல், பழைய நூல்களைப் புரட்டத் தலைப்பட்டேன். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் 1536 ஆம் ஆண்டில் ஒரு நூல் அச்சாயிற்று. அதனை இயற்றியவர் லூயிஸ் மிலான் என்னும் பிரபு குலத்து இசைவாணர். நூலின் பெயர் 'எல் மாயெஸ்த்ரோ', அதாவது 'ஆசிரியர்'. இந்தப் பெயரை நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஆசிரியரைப் பற்றிய நூலன்று அது, நூலே ஆசிரியர். வாத்தியத்தை ஒருநாளும் தொட்டறியாத மாணாக்கனுக்கு ஆசிரியர் ஒருவர் எந்த முறையில் சொல்லிக்கொடுப்பாரோ, அதே முறையில் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும்படி தம் நூலை அமைத்ததாக மிலான் முன்னுரைக்கிறார். வாத்தியம் கிதார் அன்று, அதன் மூத்த உறவான விவேலா. வடிவில் கிதாரை ஒத்து, இரட்டைத் தந்திகள் ஆறு வரிசை பூண்ட அக்கருவி அரண்மனைகளில் வாசிக்கப்பட்டது. கிதாருக்கென்று முதன்முதல் அச்சேறிய உருப்படிகள் பத்தாண்டு கழித்து, 1546 இல், செவில் நகரில் அலோன்சோ முடார்ரா வெளியிட்ட நூலில் வந்தன.

இந்நூல்களில் பாட்டு எவ்வாறு எழுதப்பட்டது என்பதே நமக்கு முக்கியம். மேலைச் சங்கீதத்தின் ஐந்து கோட்டுச் சுரக் குறிப்பு அங்கே கையாளப்படவில்லை. தந்திக்கு ஒரு கோடாக ஆறு கோடுகள்; கோட்டின்மேல் எண்கள். நம் வீணையில் மெட்டு என்று எதனைச் சொல்கிறோமோ, அதற்குக் கிதாரில் ஃபிரெட் என்று பெயர். கோட்டின்மேல் 3 என்றிருந்தால் அந்தத் தந்தியின் மூன்றாம் மெட்டில் விரலை வை. சுழி என்றிருந்தால் விரல் வையாமல் வெறுந்தந்தியை மீட்டு. எந்தச் சுரம் ஒலிக்கிறது என்று அறிந்திருக்க வேண்டுவதே இல்லை. சங்கீத இலக்கணத்தைச் சொல்லாமல் விரலுக்கு நேரே கட்டளையிடும் இந்தக் குறிமுறைக்கு டாப்லேச்சர் என்று பெயர். இன்று இணையத்தில் கிதார் கற்கும் சிறுவர்கள் 'டாப்' என்று சுருக்கிச் சொல்வது இதனையே. புத்தம் புதியதென்று அவர்கள் கருதும் பொருளுக்கு வயது நானூற்றைம்பதுக்கு மேல்!

மிலானின் நூலில் மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்வுருப்படியை விரைந்து வாசி, இதனைச் சற்று நிதானமாக வாசி என்று வேகத்தைச் சொற்களால் குறித்திருக்கிறார். அச்சிட்ட மேலை இசை நூல்களில் இவ்வாறு வேகம் குறிக்கப்பட்டமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று என்பர். காரணம் தேட வேண்டியதில்லை. ஆசிரியர் அருகில் இருந்தால் தொடையில் தட்டிக் காட்டுவார். அவர் இல்லாத இடத்தில் எழுத்துத்தான் தட்ட வேண்டும்.

அரண்மனை வாத்தியத்தின் கதை இவ்வாறிருக்க, கடைத்தெருவின் கதை வேறு விதமாய் வளர்ந்தது. கத்தலோனியாவைச் சேர்ந்த ஹுவான் கார்லோஸ் அமத் என்பவர் தொழிலால் மருத்துவர். ஐந்து வரிசைத் தந்தி கொண்ட ஸ்பானியக் கிதாருக்கு அவர் ஒரு சிறு நூல் எழுதினார். 1596 இல் பார்சிலோனாவில் முதலில் வெளிவந்ததாகக் கருதப்படும் அந்நூல், அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மீண்டும் மீண்டும் அச்சாயிற்று. சில சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வதைக் கிதார் வாசிப்போர் கார்டு என்பர். நாம் சுரக்கூட்டு எனலாம். அமத் அவற்றுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் கொடுத்து, பெருங்கூட்டு, சிறு கூட்டு என இருவகையாக்கிச் சக்கரம் போல் வரைந்துவிட்டார். பாட்டுத் தெரிந்தவன் எண்களைப் பார்த்துக் கையை மாற்றிக்கொண்டே பாடலாம். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை அல்லவா! பின்னர் 1606 இல் ஃபிளாரன்ஸ் நகரில் மொன்தெசார்தோ என்பவர் எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைத்து, எண்ணும் வேண்டா, சுரமும் வேண்டா என்று தலைப்பிலேயே விளம்பரம் செய்து ஒரு நூல் வெளியிட்டார்.

இவற்றைக் கண்டு அறிஞர் உலகம் மகிழ்ந்ததா? இல்லை. 1611 இல் ஸ்பானிய மொழியின் பேரகராதியை வெளியிட்ட கோவர்ருபியாஸ், விவேலா என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதும் இடத்தில் தம் மனக்குறையைக் கொட்டித் தீர்க்கிறார். நல்ல வாத்தியம் மறைந்து போயிற்று. கிதாரோ மாட்டின் கழுத்து மணிக்குச் சமம். எளிதில் கற்கலாகுமாதலால் இன்று குதிரைக் கொட்டிலில் வேலை செய்யும் பையனெல்லாம் கிதார் வித்துவான் என்பது அவர் புலம்பலின் சாரம். அகராதி தொகுப்பவருக்கு வெறுப்பு விருப்பு இருத்தலாகாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். கோவர்ருபியாஸுக்கு யாரும் சொல்லவில்லை போலும். எனினும் அவர் அறியாமலே ஓர் உண்மையைப் பதிவு செய்துவிட்டார். குதிரைக்காரப் பையனுக்குச் சங்கீதம் கற்பிக்க எந்த ஆசிரியரும் முன்வந்திருக்க மாட்டார். ஆசிரியருக்குக் கொடுக்க அவனிடம் பொருளும் இல்லை. பகலில் பொழுதும் இல்லை. அவன் கையில் கிதாரைக் கொண்டு சேர்த்தது, குரு தேவையில்லாத ஒரு குறிமுறையும் அருகில் வாசிப்போரைப் பார்த்துக் கற்ற கேள்வி ஞானமுமே.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றை இடையே சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. கிதாருக்கு உறவான லூட் என்னும் தந்தி வாத்தியத்தைத் தானே கற்பதற்கென்று பிரெஞ்சு நாட்டு அத்ரியான் லே ருவா ஒரு கைந்நூல் எழுதினார். 1568 இலும் 1574 இலும் அது லண்டனில் ஆங்கிலமாக்கி அச்சிடப்பெற்றது. பிரெஞ்சு மூலம் அழிந்துபோயிற்று. மொழிபெயர்ப்புகளே எஞ்சி நிற்கின்றன. எங்கள் தொழிலில் இத்தகைய ஆறுதல் அடிக்கடி வாய்ப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெர்னாண்டோ சோர், கர்காஸி போன்றோர் எழுதிய பயிற்சி நூல்கள் இன்றும் கிளாசிக்கல் கிதார் மாணவர் கையில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஆசிரியரோடு பயில்வோருக்கு உரியவை. ஆகவே அவற்றைக் கடந்து இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

1893 ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர். ஒருவர் ஸ்பெயினின் லினாரெஸ் ஊரில் பிறந்த ஆந்த்ரேஸ் செகோவியா. கிதாரை உலக மேடைகளில் ஏற்றி வைத்த பெருமை அவருக்கே உரியது. தமக்குத் தாமே ஆசிரியர், தாமே மாணாக்கர் என்று அவர் பெருமையுடன் சொல்லிக்கொள்வது வழக்கம். மற்றவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஏழை நீக்ரோ குடும்பம் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த எலிசபெத் காட்டன். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். வீட்டில் அண்ணனின் பாஞ்சோவும், பின்னர் வாங்கிய கிதாரும் வலக்கைக்காரருக்கு ஏற்பத் தந்தி பூட்டப்பட்டவை. அவர் தந்தியை மாற்றவில்லை. கருவியையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஆகவே பிறர் கட்டைவிரலால் மீட்டும் மந்தரத் தந்திகள் அவருடைய மற்ற விரல்களுக்கு வந்தன. பிறர் விரல்களால் மீட்டும் மேல் தந்திகள் அவருடைய கட்டைவிரலுக்கு வந்தன. பாட்டைக் கட்டைவிரல் பாடிற்று, சுருதியையும் தாளத்தையும் விரல்கள் காத்தன. சிறு வயதிலேயே 'ஃப்ரெய்ட் டிரெய்ன்' என்னும் பாட்டைக் கட்டினார். பிறகு பல்லாண்டுகள் கிதாரைத் தொடவே இல்லை; வீட்டு வேலை செய்து பிழைத்தார். வாஷிங்டன் பக்கத்தில் இசை ஆராய்ச்சிக் குடும்பம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்த பின், அவ்வீட்டில் தொங்கிய கிதாரை எடுத்து வாசிக்க, வீட்டார் வியந்தனர். 1958 இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய மீட்டு முறை இன்று அவர் பெயராலேயே 'காட்டன் பிக்கிங்' என்று வழங்குகிறது. செகோவியா, காட்டன் இருவரும் காலமானது 1987 ஜூன் மாதத்திலேயே.

காட்டனுக்கு ஆசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? முதல் நாளே, "கருவியை நேராகப் பிடி அம்மா" என்று சொல்லியிருப்பார். அது நியாயமான அறிவுரை. அந்த அறிவுரையால் உலகம் ஒரு பாணியை இழந்திருக்கும். ஏகலைவன் கதையில் குரு தக்ஷிணையாகப் போனதும் கட்டைவிரலே என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் இதனை வைத்துக்கொண்டு ஆசிரியரே வேண்டா என்று முடிவு கட்டுவது பேதைமை. கருவியைத் தலைகீழாகப் பிடித்தவர் எத்தனை பேர் ஒரு மாதத்தில் அலுத்துப் பரண்மேல் போட்டுவிட்டனர் என்பதை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

இசைத்தட்டு வந்த பிறகு கேள்வி ஞானத்துக்கு ஒரு புதிய வசதி பிறந்தது. ஊரில் ஒருவர் வாசித்துக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமற்போயிற்று. ஒரே அடியை நூறு முறை சலிக்காமல் வாசிக்கும் வித்துவான் பெட்டிக்குள் இருந்தார். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுழலும் நீள் தட்டை, சில பெட்டிகளில் இருந்த பதினாறு என்னும் வேகத்தில் ஓட விட்டால் பாட்டு சரி பாதி வேகத்தில் நடக்கும். சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சுரப் பெயர் மாறாது; ஸட்ஜம் ஸட்ஜமாகவே, ஒரு மாடி கீழே கேட்கும். விரைந்து பறக்கும் பிடிகளை இவ்வாறு பிடித்துக் கற்றோர் பலர். ஊசி தேய்ந்ததும் தட்டு கீறலானதும் குரு தக்ஷிணைக் கணக்கில் சேரும்.

புத்தகமும் ஓயவில்லை. 1957 இல் இங்கிலாந்தில் பெர்ட் வீடன் என்னும் கிதார் வாசிப்பாளர் 'ஒரே நாளில் வாசிக்கலாம்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு மெல்லிய நூலை வெளியிட்டார். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று வாங்கியவர் எவரும் வழக்குத் தொடுத்ததாகத் தெரியவில்லை. பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையான அந்நூலைப் புரட்டியவர்களுள் பின்னாளில் பீட்டில்ஸ் குழுவினராய்ப் புகழ்பெற்ற இளைஞர்களும் உண்டு.

நம் நாட்டில் என்ன நடந்தது என்று நேயர்கள் வினவக்கூடும். வானொலியைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு விடையில்லை. கல்கத்தா நிலையத்தில் பங்கஜ் மல்லிக் அவர்கள் 1929 இல் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை வானொலி வழியே பாட்டுக் கற்பித்து வந்தார். ஓர் அடியைப் பாடுவார். வங்காளத்தில் எண்ணற்ற இல்லங்களில் அதனைத் திருப்பிப் பாடுவர். அவர் குரல் எல்லாரையும் எட்டிற்று. எவர் குரலும் அவரை எட்டவில்லை. இந்த ஒருவழித் தன்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

கிதாரைப் பொறுத்தமட்டில், இந்தியச் செவிக்கு முதலில் உகந்தது மடியில் கிடத்தி உலோகத் துண்டைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிதாரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கிய டாவ் மோ என்னும் கலைஞர் அதனைப் பரப்பியோருள் ஒருவர். பிரிஜ் பூஷண் காப்ரா அதனை இந்துஸ்தானி மேடைக்கு உயர்த்தினார். 1967 இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் இணையாக அவருடைய கிதார் ஒலிப்பதைப் பலர் கேட்டிருப்பர். வழுக்கும் உலோகத்துக்கு ஏன் இந்த மதிப்பு என்றால், இரு சுரங்களுக்கு இடையே உள்ள வழியும் நம் சங்கீதத்தில் சங்கீதமே ஆகையால். விரலைத் தூக்கி மெட்டுக்கு மெட்டு தாவும் சாதாரண ஸ்பானியக் கிதாரில் அவ்வழி எளிதில் அகப்படுவதில்லை.

எழுத்தில் இசையைப் பிடிக்கும் முயற்சிக்கும் இதே தடை நம் நாட்டில் எதிர்ப்பட்டது. சென்னையில் அரசுப் பணியில் இருந்த ஏ.எம்.சின்னசாமி முதலியார் 1893 முதல் கர்நாடக உருப்படிகளை மேலைச் சுரக் குறிப்பில் அச்சிட்டு வந்தார். கமகம் அதில் அடங்காது என்பது பெரும் ஆட்சேபம். அவருடைய தூண்டுதலுக்குச் செவிசாய்த்த சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வகுத்து, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை 1904 இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்டார். அந்நூல் தெலுங்கில் அமைந்தது. வீட்டுக்குள் குரு வாயிலிருந்து சீடன் செவிக்கு மட்டும் சென்ற பொருளை அச்சில் வார்க்க அவர்கள் பட்ட பாட்டைக் காணும்போது, எழுத்து ஆசிரியராவது எத்துணை அரிது என்பது புலனாகிறது.

இனி இணையத்துக்கு வருவோம். 1992 இல் அமெரிக்காவில், லாஸ் வேகஸ் நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்றில் கிதார் ஆவணத் தொகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. ஓல்கா என்பது அதன் சுருக்கப் பெயர். உலகின் பல மூலைகளிலிருந்த ஆர்வலர், தாம் காதால் கேட்டுக் கண்டுபிடித்த பாட்டுகளின் விரல் குறிப்புகளைத் தட்டச்சு எழுத்தால் கோடிட்டு எண்ணிட்டு அங்கே அனுப்பினர். கூலி எதுவும் இல்லை. 1536 இல் மிலான் கையாண்ட அதே ஆறு கோடு, அதே எண். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மிலானின் எண்களுக்கு மேலே ஒவ்வொன்றும் எத்துணைக் காலம் ஒலிக்க வேண்டும் என்பதற்குக் குறிகள் இருந்தன. தட்டச்சுக் குறிப்புகளில் பெரும்பாலும் அவை இல்லை. விடுபட்டது சோம்பலால் என்று முதலில் எண்ணினேன். பின்னர்த்தான் விளங்கிற்று: படிப்பவன் பாட்டை முன்னரே ஆயிரம் முறை கேட்டிருப்பான், காலக் கணக்கு அவன் செவியிலேயே இருக்கிறது. அமத் என்னும் மருத்துவர் பாட்டுத் தெரிந்தவனுக்கென்று எண்களை மட்டும் எழுதியதும் இதே துணிவால்தான். இத்தகைய குறிப்பு முழு ஆசிரியர் அன்று. கேள்வி ஞானத்துக்கு ஊன்றுகோல்.

1996 இல் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் இசைப் பதிப்பகம் எச்சரிக்கை விடுக்க, பல்கலைக்கழகம் தொகுப்பை மூடிற்று. வேறிடத்தில் அது மீண்டும் எழுந்தது. 1998 இல் பதிப்பாளர் உரிமைகளைக் கவனிக்கும் ஹாரி ஃபாக்ஸ் முகவாண்மை குறுக்கிட்டது. 2006 இல் பதிப்பாளர் சங்கங்களின் நடவடிக்கையால் ஓல்கா அடியோடு ஓய்ந்தது. பதிப்பாளர் கூற்று யாதெனில், பாட்டை எழுதி வெளியிடும் உரிமை பாட்டுக்கு உரியவருடையது. கேட்டு எழுதினாலும் பார்த்து எழுதினாலும் ஒன்றே என்பது. ஆர்வலர் கூற்றோ, எம் செவியில் விழுந்ததை எம் சொந்த உழைப்பால் எழுதினோம், தவறுகளும் எம்முடையவையே என்பது.

இவ்வழக்கில் நான் எப்பக்கம் என்று சொல்வது எளிதன்று. 1957 ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு நூலை மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே உரியது. இரவெல்லாம் கண்விழித்து ஒவ்வொரு சொல்லாய் நான் தேடி வைத்தாலும் அதனால் அது எனதாகிவிடாது. இதனை ஒப்புக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவன் கிதார்க்காரருக்கு மட்டும் வேறு நீதி கேட்கலாகாது. ஆயினும் ஓல்காவில் இருந்த பாட்டுகளுள் கணிசமானவற்றுக்கு விலைக்கு வாங்கக் கிடைக்கும் அச்சுக் குறிப்பே அந்நாளில் இல்லை. கடையில் இல்லாத பண்டத்தைத் தானே செய்துகொண்டவனைக் கள்வன் என்று சொல்லவும் நாக் கூசுகிறது. பின்னர், உரிமம் பெற்றுப் பதிப்பாளருக்குத் தொகை செலுத்தும் இணையத் தொகுப்புகள் தோன்றின. வழக்கு ஒருவாறு அடங்கியது, விளம்பரம் பெருகியது.

2005 இல் யூடியூப் வந்ததும் எழுத்தாசிரியர் போய்க் காட்சியாசிரியர் வந்தார். அதற்கு முன்பே, 2003 முதல், தாஸ்மேனியாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜஸ்டின் சாண்டர்கோ என்னும் கிதார் ஆசிரியர் தம் இணையத் தளத்தில் பாடங்களை வரிசைப்படுத்தி, கட்டணமின்றிக் கொடுத்து வந்தார். எளிய கூட்டு முதலில், அரியது பின்னர் என்னும் அவ்வரிசையைக் கண்டபோது எனக்கு மிலானே நினைவுக்கு வந்தார். இசைத்தட்டுக் காலத்து வித்தையும் இங்கே மெருகேறியது. இப்போது காட்சியைப் பாதி வேகத்தில் ஓட்டலாம், சுருதி இறங்குவதில்லை. 2020 இல் பெருந்தொற்றால் வீடடைந்து கிடந்தபோது ஃபெண்டர் என்னும் அமெரிக்கக் கிதார் நிறுவனம் தன் இணையப் பாடங்களைச் சில மாதங்களுக்கு இலவசமாக்க, இலட்சக்கணக்கானோர் பதிவு செய்துகொண்டனர்.

இத்தகைய வசதிகளுக்கு நடுவே அடியேன் கற்ற கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் நாள் தவறாமல் பயின்றேன். விரல் நுனி காய்த்தது. ஸி என்னும் சுரக்கூட்டை வைப்பதில் எனக்குக் கர்வமே உண்டாயிற்று. 'இளைய நிலா'வின் முகப்பைத் தேடியதில், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாய்க் குறிப்புகள் அகப்பட்டன. பாட பேதம் பார்த்துப் பழகியவனாதலால் அஞ்சாமல் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தேன். ஆயினும் என் வாசிப்பில் ஏதோ ஒன்று குறைந்தது. மழை நின்றபின் கூரையிலிருந்து சொட்டும் நீர் போல ஒலிக்க வேண்டியது, ஈரத்துணியைப் போர்த்தியது போல் ஒலித்தது. கருவி மலிவானது என்று கருவியின்மேல் பழி போட்டேன்.

எங்கள் குடியிருப்பின் மாடியில் ஷில்லாங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வாழ்ந்தார். வேறோர் இலாகாவில் எழுத்தர். ஷில்லாங் கிதாருக்குப் பேர்போன ஊர். அங்கே லூ மஜாவ் என்னும் பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்த நாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வந்திருக்கிறார். அந்த இளைஞர் ஒரு மாலை, கடிதம் ஒன்று மாறி வந்துவிட்டதென்று கொடுக்க வந்தவர், வாசலில் நின்றபடியே என் வாசிப்பைச் சிறிது நேரம் கேட்டார். பிறகு தயக்கத்துடன் இந்தியில், "சார், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் முதல் தந்தி ஒலிக்கவே இல்லை" என்றார்.

ஸி கூட்டில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டை அழுத்த வேண்டும். அதற்குக் கீழுள்ள முதல் தந்தி வெறுமனே ஒலிக்க வேண்டும். என் விரல் நிமிர்ந்து நில்லாமல் சாய்ந்து, அடுத்த தந்தியையும் தொட்டுக்கொண்டிருந்தது. "கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் கொஞ்சம் கீழே இறக்குங்கள் சார்" என்றார். இறக்கினேன். ஆள்காட்டி விரல் தானே நிமிர்ந்தது. தந்தி ஒலித்தது. ஆறு மாதக் குறை அரை நிமிடத்தில் தீர்ந்தது.

விரலை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று அந்த இணைய ஆசிரியர் சொல்லவில்லையா? சொல்லித்தான் இருந்தார், மறுபடி ஓட்டிப் பார்த்தேன், இரண்டாம் பாடத்திலேயே இருக்கிறது. நான் அவ்வாறே வைப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். மிலானின் நூல் முதல் பங்கஜ் மல்லிக்கின் ஒலிபரப்பு வரை, கைப்பேசியின் காட்சி வரை, யாவும் பேசின, எதுவும் கேட்கவில்லை. கற்பவனின் தவறு அவன் செவிக்கே பழகிப்போய்விடுகிறது. இக்காலத்தில் ஃபின்லாந்தில் தோன்றிய யூசிஷியன் போன்ற செயலிகள், ஒலிவாங்கி வழியே நம் வாசிப்பைக் கேட்டு, சுரம் சரியா, காலம் சரியா என்று உடனுக்குடன் சொல்கின்றன. நானூற்றுச் சொச்ச ஆண்டுகளில் இதுவே புதியது என்று கருதுகிறேன். அவ்வகைச் செயலி ஒன்றை நானும் பிறகு வைத்துப் பார்த்தேன். தவறு என்று சிவப்பு நிறம் காட்டிற்று. கட்டைவிரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இளைஞர் சென்ற ஆண்டு குவாஹாட்டிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது ஞாயிறுதோறும் நான் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து அவருக்கு அனுப்புகிறேன். அனுப்பும் முன் ஒருமுறை நானே கேட்பது வழக்கமாயிற்று. கேட்டால் பல தவறுகள் எனக்கே தெரிகின்றன, பாதி நாள் அனுப்பாமலே மீண்டும் வாசிக்க நேர்கிறது. சென்ற வாரம் அவரிடமிருந்து வந்த மறுமொழி ஒரே வரி: முதல் தந்தி நன்றாக ஒலிக்கிறது, நான்காம் ஆவர்த்தத்தில் ஏன் சார் ஓடுகிறீர்கள்?